மூட்டுவலிக்கான துணை மாத்திரைகளும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளும்

இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்ளும் ஒருவருக்குப் பல மாதங்கள் ஒரே சீராக இருந்த ஐ.என்.ஆர். அளவு திடீரென ஏறினாலோ இறங்கினாலோ, எங்கள் மருத்துவமனையின் கண்காணிப்புப் பிரிவினர் மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கம். மாத்திரையின் அளவு எங்கேனும் தவறிற்றா என்பது முதற்கேள்வி. இடையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததா, உணவு குறைந்ததா என்பது இரண்டாவது. இவ்விரண்டிற்கும் தெளிவான விடை கிடைத்துவிடும். “வேறு ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்னும் மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் “இல்லை” என்னும் விடை உடனே வருகிறது. அந்த விடை எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. சொல்பவர் பொய் சொல்கிறார் என்பதன்று இதன் பொருள். தாம் உட்கொள்வதை அவர் மருந்தாகக் கருதுவதில்லை, அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறோம். இது தனியொருவரின் கதை அன்று; பலரிடம் கண்டவற்றை ஒன்றாக்கிச் சொல்கிறோம். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்காக இரண்டு ஆண்டுகளாக வார்ஃபரின் உட்கொண்டு வருகிறார். ஐ.என்.ஆர். எப்போதும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இருந்தது. ஒரு மாதப் பரிசோதனையில் அது 4.8 எனக் காட்டியது. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவதாகவும், முன்கையில் காரணமின்றி நீலத் தழும்புகள் தோன்றுவதாகவும் கூறினார். மூன்றாவது கேள்விக்கு அவரும் “இல்லை” என்றே சொன்னார். உடன் வந்த மருமகள்தான், “அத்தை, அண்ணன் கொண்டுவந்து கொடுத்தாரே, அந்தப் பெரிய டப்பா?” என்று நினைவூட்டினார். “அது மருந்து இல்லை சிஸ்டர், மூட்டுக்குச் சத்து மாத்திரை” என்பது அம்மையாரின் விளக்கம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் அன்போடு வாங்கி வந்த குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் கூட்டு மாத்திரை அது. ஐந்து வாரங்களாக நாள்தோறும் இரு வேளை உட்கொண்டிருக்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பெரிய டப்பாதான். முதுமையில் மூட்டுத் தேய்மானமும் இதயநோயும் ஒருங்கே வருவது இயல்பு. ஆகவே மூட்டுக்கான துணை மாத்திரைகளும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளும் ஒரே மேசையில், ஒரே மாத்திரைப் பெட்டியில் அருகருகே இருக்கும் வீடுகள் மிகப் பல.

உறைவுத் தடுப்பு மருந்து செய்வது என்ன?

இம்மருந்துகள் “இரத்தத்தை நீர்க்கச் செய்பவை” என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுகின்றன. உண்மையில் இரத்தம் நீர்த்துப்போவதில்லை. அது உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமே கூடுகிறது. நம் கல்லீரல் இரத்தம் உறைவதற்கான சில புரதங்களை உருவாக்குகிறது. அவற்றுள் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என எண்ணிட்டு அழைக்கப்படும் நான்கு காரணிகள் முழுமை பெற வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடல் புதுப்பித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. வார்ஃபரினும், நம் நாட்டில் ‘அசிட்ரோம்’ என்னும் வணிகப் பெயரால் பலரும் அறிந்த அசினோகுமராலும், அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கின்றன. எனவே உறைவுக் காரணிகள் குறைகின்றன.

இம்மருந்தின் பிறப்பே நமக்கு ஒரு பாடம். 1920-களில் வட அமெரிக்காவின் பண்ணைகளில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் என்னும் தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் சிறு காயத்திற்கும் இரத்தம் நிற்காமல் இறந்தன. அத்தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பாரின் ஆய்வுக்குழு பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலிகளைக் கொல்லும் நஞ்சாகவே விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. செடியிலிருந்து வந்த ஒரு பொருள் இரத்த உறைவை இவ்வளவு மாற்ற முடியும் என்றால், “இயற்கையானது, ஆகவே தீங்கில்லை” என்னும் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஐ.என்.ஆர். என்பது இரத்தம் உறைய ஆகும் நேரத்தை, இயல்பான நேரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். மருந்து உட்கொள்ளாதவருக்கு அது ஏறத்தாழ ஒன்று. இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, கால் நாளங்களில் இரத்தக்கட்டி போன்றவற்றிற்கு இரண்டு முதல் மூன்று வரை இருக்க வேண்டும். ஈரிதழ் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை. இரண்டுக்குக் கீழே சென்றால் கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம். நான்கு, ஐந்து என ஏறினால் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியலாம். நலம் தரும் இடைவெளி இவ்வளவு குறுகியது. அதனால்தான் மற்ற மருந்துகளில் பொருட்படுத்தத் தேவையற்ற சிறு மாற்றமும் இங்கே பொருட்படுத்த வேண்டியதாகிறது.

குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும்

இவை இரண்டும் குருத்தெலும்பில் இயல்பாகவே உள்ள பொருட்கள். கடையில் கிடைக்கும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்தும், காண்ட்ராய்டின் விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. (இறால், நண்டு ஒவ்வாமை உடையவர்களும், புலால் உண்ணாதவர்களும் இதை அறிந்திருத்தல் நன்று, டப்பாவில் இச்செய்தி மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.)

வார்ஃபரின் உட்கொள்வோர் இவற்றைச் சேர்த்து உட்கொண்டபோது ஐ.என்.ஆர். உயர்ந்ததாகவும், தழும்போ இரத்தக்கசிவோ ஏற்பட்டதாகவும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திற்கும், உலக சுகாதார நிறுவனத்தின் பக்கவிளைவுப் பதிவேட்டிற்கும் அறிக்கைகள் வந்துள்ளன. 2008-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை இவற்றைத் தொகுத்தபோது இரண்டிலும் சுமார் இருபது இருபது அறிக்கைகள் இருந்தன. பெரும்பாலோர்க்கு மாத்திரையை நிறுத்தியதும் ஐ.என்.ஆர். பழைய நிலைக்குத் திரும்பியது. அக்கட்டுரையில் விவரிக்கப்பட்ட நோயாளி குறைந்த அளவில் உட்கொண்டவரை சிக்கல் பெரிதாக இல்லை. அளவைக் கூட்டியபின்தான் ஐ.என்.ஆர். எல்லை மீறியது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் குளுக்கோசமைன் மருந்தாகவே பதிவு பெற்றுள்ளது. அங்கே அதன் குறிப்புத் தாளிலேயே, வார்ஃபரின் வகை மருந்து உட்கொள்வோரை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை உள்ளது.

உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பொருளுக்கு இவ்வளவு அறிக்கைகள் மிகக் குறைவு அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உட்கொள்ளும் எல்லோருக்கும் இது நிகழ்வதில்லை. ஆனால் பக்கவிளைவுகளில் பெரும்பகுதி எங்கும் பதிவாவதில்லை என்பதையும் மறக்கலாகாது. மேற்சொன்ன அம்மையாரின் மருமகள் அன்று உடன் வராதிருந்தால், அவரது ஐ.என்.ஆர். உயர்வுக்குக் காரணம் புலப்படாமலேயே வார்ஃபரின் அளவைக் குறைத்து அனுப்பியிருப்போம்.

அதில் ஒரு மறைந்த ஆபத்து உண்டு. துணை மாத்திரையால் உயர்ந்த ஐ.என்.ஆர்.-ஐச் சரிசெய்ய வார்ஃபரின் குறைக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து டப்பா தீர்ந்துபோகிறது. மகன் அடுத்த விடுமுறைக்குத்தான் வருவார். துணை மாத்திரை நின்றதும் ஐ.என்.ஆர். இறங்குகிறது. இப்போது குறைந்த அளவு வார்ஃபரின் போதாது. இரத்தக்கசிவுக்கு அஞ்சியவர் பக்கவாதத்தின் வாயிலில் நிற்கிறார். ஆகவே, தொடங்குவதைப் போலவே நிறுத்துவதையும் எங்களிடம் சொல்ல வேண்டும்.

இனி, இவற்றால் மூட்டுக்கு எவ்வளவு நன்மை? அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், முழங்கால் தேய்மானம் உடையோர்க்கு நாளொன்றுக்கு 1,500 மி.கி. குளுக்கோசமைன், 1,200 மி.கி. காண்ட்ராய்டின், இரண்டின் கூட்டு, அல்லது வெறும் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் ஒட்டுமொத்தக் குழுவில் இம்மாத்திரைகள் போலி மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானவையாக இல்லை. வலி மிகுந்த சிறு பிரிவினருக்குக் கூட்டு மாத்திரை ஓரளவு உதவியதுபோல் தோன்றியது; எனினும் அப்பிரிவு சிறியது. அமெரிக்க முடக்குவாதவியல் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்திற்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்றே அழுத்தமாகக் கூறுகிறது. எங்கள் கருத்தும் அதுவே: வார்ஃபரின் உட்கொள்ளும் ஒருவர் இதைப் புதிதாகத் தொடங்க நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு, நிலையான ஐ.என்.ஆர். உடையவர்களை மட்டும் உடனே நிறுத்துமாறு வற்புறுத்துவதில்லை. அவர்களிடம் நாங்கள் கேட்பது, அளவையும் வணிகப் பெயரையும் மாற்றாதிருங்கள் என்பதே.

மஞ்சள்: சமையலறையிலும் மாத்திரைக் குப்பியிலும்

இதைப் பற்றி எழுதத் தயங்கினோம். ஏனெனில், “மஞ்சள் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்” என்று மஞ்சள் இல்லாத குழம்பை நாள்தோறும் உண்டுவந்த ஒரு பெரியவரை நாங்கள் கண்டதுண்டு. அவ்வாறு யாரும் செய்ய வேண்டியதில்லை. குழம்பிலும் பொரியலிலும் பாலிலும் இடும் சிட்டிகை மஞ்சளால் கவலையில்லை. மஞ்சள்தூளில் குர்க்குமின் என்னும் பொருள் நூற்றில் சில பங்கே உள்ளது. அதிலும் மிகச் சிறு பகுதியே குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது.

மூட்டுவலிக்கென விற்கப்படும் குர்க்குமின் மாத்திரை வேறு வகையானது. அதில் பிரித்தெடுத்த குர்க்குமின் 500 மி.கி. அல்லது அதற்கு மேலும் இருக்கும். உடலில் நன்கு சேர வேண்டும் என்பதற்காக மிளகின் சாரமான பிப்பெரினையும் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், 20 மி.கி. பிப்பெரினோடு கொடுத்தபோது மனிதர் உடலில் குர்க்குமின் சேரும் அளவு ஏறத்தாழ இருபது மடங்கு உயர்ந்தது. பிப்பெரின் குர்க்குமினை மட்டும் தேர்ந்தெடுத்து உதவுவதில்லை. குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையே அது தடுக்கக்கூடியது. அப்போது மற்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடலாம்.

நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த துணைப்பொருள் ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் அவரது ஐ.என்.ஆர். பத்தைக் கடந்துவிட்டது என்பது அதன் சாரம். பத்து என்னும் எண்ணைக் காணும்போது எங்கள் பிரிவில் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில்லை.

‘சல்லகி’ என்னும் பெயரில் விற்கப்படும் பாஸ்வெல்லியா பிசின் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வார்ஃபரினோடு சேர்ந்தபோது ஐ.என்.ஆர். உயர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மூட்டுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் குளுக்கோசமைன், குர்க்குமின், பாஸ்வெல்லியா, பிப்பெரின் அனைத்தும் ஒரே மாத்திரையில் இருப்பதைக் காண்கிறோம். மீன் எண்ணெயைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு ஒரு கிராம் போன்ற சிறிய அளவு பெரும் தொல்லை தருவதில்லை. மூன்று கிராமுக்கு மேற்பட்ட அளவை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம்.

எதிர்த்திசையில் இழுப்பவை

இரத்தம் கசியும் அபாயத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அண்மைக் காலமாக எங்களை அதிகம் அச்சுறுத்துவது இதற்கு நேர்மாறான ஒன்று. எலும்புக்கும் மூட்டுக்கும் எனக் கடைகளில் கிடைக்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் இப்போது வைட்டமின் டி3-யோடு ‘கே2-7’ என்னும் வைட்டமினும் சேர்க்கப்படுகிறது. அட்டையின் பின்புறம் ‘மெனாகுவினோன்-7’ என்று எழுதப்பட்டிருக்கும். இது வைட்டமின் கே-யின் ஒரு வகை. வார்ஃபரினும் அசினோகுமராலும் தடுக்க முயல்வதை இது நேரடியாக முறியடிக்கிறது. கீரையில் உள்ள கே1-ஐக் காட்டிலும் இது உடலில் நெடுநேரம் தங்குகிறது. நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் அளவுகூடச் சிலருக்கு மருந்தின் விளைவைக் குலைத்ததாக ஓர் ஆய்வு காட்டியுள்ளது. கடை மாத்திரைகளிலோ பெரும்பாலும் 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உள்ளது.

உலோக வால்வு பொருத்தப்பட்ட நாற்பது வயதுப் பெண் ஒருவர் முதுகுவலிக்கு இத்தகைய கால்சியம் மாத்திரை வாங்கி உட்கொள்கிறார் என்று கொள்வோம். ஐ.என்.ஆர். மூன்றிலிருந்து 1.5-க்கு இறங்கினால் அவர் உடலில் எந்த அறிகுறியும் தோன்றாது. ஈறு கசியாது, தழும்பு வராது. முன்பைவிட நலமாக இருப்பதாகவே தோன்றும். வால்வின்மேல் கட்டி உருவாகி மூச்சுத்திணறலாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படும்போதுதான் தெரியவரும். நம் நாட்டில் வாதக்காய்ச்சலால் இளவயதிலேயே வால்வு பழுதுற்று உலோக வால்வு பொருத்திக்கொண்டோர் பலர் இருப்பதால் இதனை விரிவாகச் சொல்கிறோம். கால்சியம் தேவைப்பட்டால், கே2 சேராத மாத்திரைகள் உண்டு. எங்கள் மருந்தகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

முடக்கத்தான், முருங்கை முதலிய கீரைகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு உண்ணுகிறீர்களோ அதை ஏறத்தாழ மாறாமல் வைத்திருங்கள். மருந்தின் அளவை அதற்கேற்ப நாங்கள் அமைப்போம். மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே வாரத்தில் ஏழு நாளும் முடக்கத்தான் தோசை உண்ணத் தொடங்குவதுதான் சிக்கல்.

புதிய வகை மருந்துகள் உட்கொள்வோருக்கு

டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை. கீரைக்கும் கே2-வுக்கும் இவற்றோடு தொடர்பில்லை. இதனால் இவற்றை உட்கொள்வோர், “எங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை” என்று கருதிவிடுகின்றனர். அவ்வாறன்று. பிப்பெரின் தடுக்கக்கூடியது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டும் நொதியும் கடத்துபுரதமுமே இம்மருந்துகளின் அளவை உடலில் தீர்மானிப்பவை. மேலும், வார்ஃபரின் உட்கொள்பவருக்கு மாதப் பரிசோதனை ஓர் எச்சரிக்கை மணியாக இருக்கிறது. இவர்களுக்கு அந்த மணி இல்லை. அளவு கூடினால் முதல் அறிகுறியே இரத்தக்கசிவாக இருக்கலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவை வேறு வகை. இவை இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுப்பவை. குர்க்குமின், பூண்டு, இஞ்சி ஆகியவற்றின் செறிவூட்டிய மாத்திரைகளும், மிகுந்த அளவிலான மீன் எண்ணெயும் அதே திசையில் வேலை செய்யக்கூடும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இவற்றைத் தாமாகத் தொடங்க வேண்டாம். துணை மாத்திரைக்கு இடம் கொடுப்பதற்காக ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ தாமாக நிறுத்துவது இன்னும் பெரிய ஆபத்து.

துணை மாத்திரையைவிடத் தீங்கானவை

அளவறிந்து சொல்வதானால், மேற்கண்ட எல்லாவற்றையும்விட அதிகத் தீங்கு செய்வது கடையில் “ஒரு வலி மாத்திரை கொடுங்கள்” என்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்குளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகளே. இவை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன, தட்டணுக்களையும் தடுக்கின்றன. உறைவுத் தடுப்பு மருந்தோடு சேரும்போது குடலில் இரத்தப்போக்கு ஏற்படும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. ஐ.என்.ஆர். சரியாக இருக்கும்போதும் இது நிகழலாம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பாரசிட்டமால் இவற்றைவிடப் பாதுகாப்பானது. எனினும் நாளொன்றுக்கு இரண்டு கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு, என்னும் அளவில் சில நாட்கள் தொடர்ந்தால் அதுவும் ஐ.என்.ஆர்.-ஐ உயர்த்தும். ஓரிரு மாத்திரைக்கு அஞ்ச வேண்டாம். ஒரு வாரம் தொடர்வதானால் எங்களிடம் சொல்லுங்கள்.

தேய்க்கும் தைலத்தைப் பற்றி ஒரு சொல். வலிக்குத் தேய்க்கும் தைலங்கள், களிம்புகள் பலவற்றில் அந்த நெடிய மணத்தைத் தருவது மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருள். இது ஆஸ்பிரினின் உறவினர். தோல் வழியே இரத்தத்தில் சேரும். வார்ஃபரின் உட்கொள்வோர் இரு முழங்கால்களிலும் நாள்தோறும் பலமுறை நிறையத் தேய்த்தபோது ஐ.என்.ஆர். உயர்ந்த நிகழ்வுகள் உள்ளன. எப்போதேனும் சிறிதளவு தடவுவதால் தீங்கில்லை. தடவி, அதன்மேல் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தால் தோல் உறிஞ்சும் அளவு கூடும், அதைத் தவிருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஏதேனும் ஒரு துணை மாத்திரையைத் தொடங்க விரும்பினால், தொடங்குமுன் சொல்லுங்கள். “கூடாது” என்பது மட்டுமே எங்கள் விடையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு, ஒரே ஒரு பொருளை, ஒரே அளவில் தொடங்கி, ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பார்த்து, பின்னர் நிலைபெறும் வரை வாரந்தோறும் பார்ப்போம். மூன்று மாதத்தில் வலி குறையாவிட்டால் நிறுத்திவிடலாம்; நிறுத்திய பின்னும் அவ்வாறே பரிசோதிப்போம். ஏற்கெனவே உட்கொண்டு வருபவர்கள் இதைப் படித்து அஞ்சி இன்றே எதையும் நிறுத்திவிடாமல், எங்களைத் தொடர்புகொண்டு அடுத்த பரிசோதனை நாளை முன்தள்ளிக்கொள்ளுங்கள். உறைவுத் தடுப்பு மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவது, கண் அறுவை, மூட்டுக்குள் ஊசி போடுவது ஆகியவற்றுக்கு முன்னரும் துணை மாத்திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்த, ஆயுர்வேத மருந்து உட்கொள்வோர் அதை மறைக்கும் வழக்கம் இருக்கிறது. சொன்னால் கடிந்துகொள்வார்களோ என்னும் அச்சமே காரணம். எங்கள் பிரிவில் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். மருந்தின் பெயரும் அதில் சேர்ந்த பொருட்களும் தெரிந்தால் போதும்.

மூக்கில் இரத்தம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால், மலம் தார்போல் கறுத்துப் போனால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால், என்றும் இல்லாத கடுமையான தலைவலி வந்தால் காத்திருக்க வேண்டாம். முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவையும் அவ்வாறே. 108-ஐ அழைத்து, உட்கொள்ளும் உறைவுத் தடுப்பு மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து, நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூளைக்குள் கசிவு மெதுவாகவும் தொடங்கலாம்.

மூட்டுவலிக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்பது நியாயம். தொடையின் முன்தசைகளை வலுவூட்டும் பயிற்சிக்கு எந்த மருந்தோடும் முரண்பாடில்லை; எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் கற்றுத் தருகிறார்கள். உடல் எடை சில கிலோ குறைந்தாலும் முழங்கால் உணரும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் கைத்தடி பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கின்றனர். உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர் கீழே விழாமலிருக்கவும் அது உதவும்.

அந்த அம்மையாரின் ஐ.என்.ஆர்., கூட்டு மாத்திரையை நிறுத்தி, வார்ஃபரினை ஒரு நாள் தள்ளிவைத்ததில் இரண்டு வாரங்களில் 2.6-க்கு வந்தது. வார்ஃபரின் அளவை மாற்றவில்லை. முழங்கால் வலி மாத்திரையோடு இருந்தபடியே மாத்திரை இல்லாமலும் இருக்கிறது என்றார். மகனிடம் எப்படிச் சொல்வது என்பதே அவர் கவலை. அடுத்த முறை மருமகளோடு வந்தபோது, வீட்டில் இருந்த மாத்திரை, குப்பி, தைலம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துவந்து மேசையில் வைத்தார். நீங்களும் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அவ்வாறே கொண்டுவாருங்கள். சீட்டில் எழுதிவருவதைவிட அது நல்லது. அட்டையின் பின்புறச் சிறிய எழுத்தை நாங்கள் படித்துக்கொள்கிறோம்.